மூன்று வெற்றுக் கட்டங்கள்

அக்டோபர் 6

ஸ்பேனர் அண்ணாவுக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மணி பன்னிரண்டே முக்கால். பகலில் எழுதலாமென்றால் சின்னவன் பேனாவைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்கிறான். பெரியவள், "யாருக்கும்மா எழுதுற?" என்று தோளில் தொங்குகிறாள். இருவரும் தூங்கிய பிறகு, கேஸ் குமிழை ஏழாவது தடவையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஏழு என்பது மிகையில்லை.

என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு. போன வருடம் செப்டம்பரில், அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, கேட்டுக்கு உள்ளே காலை வைக்க விடாமல் உங்களைத் திருப்பி அனுப்பியவள் நான். "அவர் தூங்குறார். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றேன். நீங்கள் பழப் பையைக் கேட் கொக்கியில் மாட்டிவிட்டு, உங்களுடைய அந்த டபடப வண்டியை உதைத்துக் கிளம்பினீர்கள். அவர் போன அன்று தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனீர்கள் என்று பிறகுதான் சொன்னார்கள். போனில் பேசலாம்தான். பேசினால் நான் அழுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால் கடிதம். உங்களுடைய புது முகாமின் முகவரியை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன்.

வரும் நவம்பர் பதினாறோடு அவர் போய் ஒரு வருடம். ஹெலிகாப்டர் நிறுத்தும் ஹேங்கருக்குள் அவர் படத்தை மாட்டப் போகிறார்களாம். அன்று வாசிப்பதற்காக அவருடைய வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லித் தலைமை விமானி வந்து கேட்டார். "காலேஜ் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். நான் படித்தது தாவரவியல், அண்ணா. இலையின் நரம்பைப் பற்றி எழுதத் தெரியும். பன்னிரண்டு வருடம் நோயாளிகளையும் கடலில் மாட்டிக்கொண்டவர்களையும் தூக்கி வந்த மனுஷரைப் பற்றி எப்படி எழுதுவது?

எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் இருந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணாலேயே எடை போடுவார். என் சித்தி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு இருக்கும்போதே என் காதில், "எழுபத்தி நாலு, பையோட எழுபத்தெட்டு" என்பார். அது சித்தி காதில் விழுந்து ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பெரியவளுக்குத் தலை பின்னிவிட்டால், ஹெட்போன் மாட்ட இடம் விட்டுத்தான் பின்னுவார். புறப்படும் முன் போனில் "கிளம்புறேன்," வந்ததும் "இறங்கிட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. இரவு படுக்கும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார்: கேஸ் குமிழ், பின்கதவு, குளியலறைக் குழாய், ஜன்னல் கொக்கி, கடைசியாக மகள் நெற்றி. எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரே சுற்றுதான். அதன் பிறகு கட்டையைப் போல் தூங்குவார்.

நான் எழுதுவது அதற்காக இல்லை. நேற்று பெரியவள் அவருடைய சீருடைப் பெட்டியைக் குடைந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்தாள். "அம்மா, அப்பாவோட ஸ்டிக்கர் புக்!" என்றாள். திறந்து பார்த்தேன். பக்கத்துக்கு நாலைந்தாக, நகம் அளவு சிவப்பு டேப் துண்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தேதி, ஹெலிகாப்டரில் ஓர் இடம். "வால் விசிறிக் காவல்." "எண்ணெய்க் கண்ணாடி." "வலது சறுக்குக் கட்டை." மொத்தம் அறுபத்தோரு துண்டுகள். பக்கத்தில் எல்லாம் "ஸ்பேனர் டீ" என்று எழுதியிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் டேப் இல்லை. டேப் அளவுக்குப் பென்சிலால் போட்ட மூன்று வெற்றுக் கட்டங்கள், தேதியோடும் இடத்தோடும். கீழே அவர் கையெழுத்தில், "பார்க்கவில்லை. பார்க்கவில்லை. பார்க்கவில்லை."

இது என்ன? உங்களைத் தவிர யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள் தலைமை விமானியிடம் கொடுத்த கடிதத்தால்தான் அவரை ஆகாயத்திலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாக நினைத்து எழுதவும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கேப்டன் வீட்டில்.

*

அக்டோபர் 12

கேப்டன் வீட்டு அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

கேட்டதற்குப் பதில். ஹெலிகாப்டரைக் கிளப்புவதற்கு முன் விமானி அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும். தினமும் அதே இயந்திரம், அதே சுற்று. பழகப் பழகக் கண் தூங்கிவிடும். கால் நடக்கும், கை தொடும், கண் மட்டும் நேற்றுப் பார்த்ததையே இன்றும் பார்த்ததாக நினைத்துக்கொள்ளும். இது கேப்டனுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே என்னிடம் வந்தார்.

"டேய் ஸ்பேனர், எப்பவாவது எனக்குத் தெரியாம எங்கயாவது ஒரு சிவப்பு டேப்பை ஒட்டு. சின்னதா. நான் கண்டுபிடிச்சா டீ உன்னோடது, நீதான் வாங்கித் தரணும்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"நேரா தலைமை விமானிகிட்ட போ. எங்கிட்ட சொல்லாத. எங்கிட்ட சொன்னா பேசியே உன்னை மடக்கிடுவேன்."

இதுதான் ஒப்பந்தம். எழுத்தில் இல்லை. வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஒட்டுவேன். அறுபத்தோரு முறை கண்டுபிடித்தார். பிய்த்து என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, "சர்க்கரை கம்மியா சொல்லுடா" என்று போய்விடுவார். அப்புறம் நான் டீ வாங்கப் போகும்போது மறுபடி என் பையிலிருந்து பிய்த்துக்கொள்வார். அதை நோட்டில் ஒட்டி வைத்திருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.

கடைசி மூன்றை அவர் பார்க்கவில்லை. அதனால் கடிதம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அன்று மாலையே அவரிடமும் போய்ச் சொன்னேன். தேதியும் இடமும் கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார் போல.

நினைவு நாளுக்கு நான் வரவில்லை. டேப் விஷயத்தை வாசிக்கும் பக்கங்களில் எழுத வேண்டாம். கேட்பவர்கள் நல்லபடியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேப்டன் பெயர் கெடக்கூடாது. தவறில்லாத விமானி என்றே எழுதுங்கள்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு.

*

அக்டோபர் 17

அண்ணா,

"கேப்டன் வீட்டு அம்மா அவர்களுக்கு" என்று ஆரம்பித்துப் "பராமரிப்புப் பிரிவு" என்று முடித்திருக்கிறீர்கள். என் கையால் எத்தனை டீ குடித்திருப்பீர்கள்? பெரியவள் முதன்முதலில் நடந்ததே உங்கள் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு. அரசாங்கக் காகிதம் போலக் கடிதம் எழுத எங்கே கற்றீர்கள்?

உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, கரிந்து, பக்கத்து வீட்டு டீச்சர் வந்து கதவைத் தட்டின பிறகுதான் எழுந்தேன். நீங்கள் அவருக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொடுத்ததாக நான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். வேறொரு விமானியின் மனைவி அப்படித்தான் சொன்னாள். இவரிடம் கேட்டேன். "விடு. அவன் வேலையை அவன் செஞ்சான்" என்றார். அது அவருடைய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். இறக்கிவிட்ட பிறகு பார்த்த கண் மருத்துவர் முதலில் அசதி என்றுதான் சொன்னார். மார்ச்சில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோதுதான் தலைக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. இடப்பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து அது தின்றுகொண்டே வந்திருக்கிறது என்றார்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உங்கள் கடிதத்தோடுதான் நோயும் வீட்டுக்குள் வந்தது என்பது போல ஒரு கோபம். படித்தவள் யோசிக்கிற யோசனையா இது?

அன்று முழுக்க உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தேன். அடுத்த நாள் நோட்டை மறுபடி எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன்.

முதல் கட்டம்: ஜனவரி 4, இடது கதவுக் கீல். இரண்டாவது: ஜனவரி 7, இடது சறுக்குக் கட்டை. மூன்றாவது: ஜனவரி 12, இடது வெளிக்கண்ணாடி. நீங்கள் கடிதம் கொடுத்தது ஜனவரி 13. அந்தத் தேதி எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது.

என் அலமாரியில் ஒரு படம் இருக்கிறது. நிலையத்தின் குடும்ப தினம். ஊழியர்களின் குடும்பங்களை ஆளுக்குப் பத்து நிமிடம் ஹெலிகாப்டரில் சுற்றிக் காட்டினார்களே, அன்று எடுத்தது. பெரியவள் தலையைவிடப் பெரிய ஹெட்போனோடு சிரிக்கிறாள். எனக்கு அப்போது மூன்று மாதம். ஏறுவதற்கு முன் அவர் எல்லோர் எடையையும் தாளில் எழுதினார். என் பெயருக்கு எதிரே ஒரு கிலோ கூட எழுதினார். "என்னங்க இது?" என்றேன். "அவனும் பயணிதானே" என்றார்.

படத்தின் பின்னால் தேதி இருக்கிறது. ஜனவரி 9.

அண்ணா, நேராகவே கேட்கிறேன். நாலாம் தேதி அவர் முதல் டேப்பைத் தவறவிட்டார். ஒப்பந்தப்படி நீங்கள் நாலாம் தேதியே போயிருக்க வேண்டும். ஏழாம் தேதி மறுபடி தவறவிட்டார். ஒன்பதாம் தேதி நானும் என் மகளும் வயிற்றில் இருந்தவனும் அந்த ஹெலிகாப்டரில் ஏறினோம். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தவறில்லாத விமானி என்று எழுதச் சொல்கிறீர்கள். தலைமை விமானியும் அதையேதான் சொல்கிறார். நான் எழுத மாட்டேன். தன் கண் தூங்கிவிடும் என்று முதல் வருடமே தெரிந்துகொண்டு அதற்கு ஆள் போட்டு வைத்த மனுஷரை, தவறே செய்யாதவர் என்று எழுதுவது அவரை அவமதிப்பது. என் பிள்ளைகள் வளர்ந்து படிக்கப்போவது இந்த இரண்டு பக்கங்களைத்தான். சின்னவனுக்கு அப்பாவின் முகம் கூட நினைவிருக்காது. அவனிடம் பொம்மையைக் கொடுத்துவிட்டு அப்பா என்று சொல்ல மாட்டேன். உண்மை என்னவோ அது எனக்கு வேண்டும், முழுதாக வேண்டும். நவம்பர் எட்டாம் தேதிக்குள் பக்கங்களைக் கொடுக்க வேண்டும்.

பயந்துகொண்டேதான் கேட்கிறேன். இரவில் இரண்டு தடவை எழுந்து பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா என்று விரலை வைத்துப் பார்க்கிறவள் நான். ஆனாலும் சொல்லுங்கள்.

*

அக்டோபர் 24

தங்கச்சிக்கு,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுத ஆறு நாள் ஆகியிருக்கிறது. மீதியைப் பராமரிப்பு ஏட்டில் எழுதுவது போல எழுதுகிறேன். எனக்கு எழுத வருவது அப்படித்தான்.

ஜனவரி 4. இடது கதவுக் கீலில் ஒட்டினேன். ஹேங்கர் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கேப்டன் வந்தார், கீலைத் தொட்டார். விரலுக்கும் டேப்புக்கும் ஒரு சுண்டுவிரல் இடைவெளி. அப்படியே தாண்டிப் போனார். கை போனது, கண் போகவில்லை. நான் ஓடிப் போய் நிறுத்தியிருக்க வேண்டும். வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று வெயிலே இல்லை.

ஜனவரி 7. சந்தேகம் தீர மறுபடி ஒட்டினேன். இந்த முறை பெரிய துண்டு. குழந்தைகூடப் பார்த்துவிடும். பார்க்கவில்லை. "என்னடா ஸ்பேனர், இந்த மாசம் டேப் தீர்ந்துபோச்சா?" என்று என்னைக் கேலி வேறு செய்தார். அப்போதும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். முந்தின வாரம்தான் ஹேங்கரில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத, ஜூலைல இன்னொருத்தன் வர்றான்" என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு ஓர் ஆள் உயரத்துக்குக் குதித்தார். அந்த மனுஷனைப் போய் ஆகாயத்திலிருந்து இறக்குகிற காகிதத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? இது காரணம். நியாயம் இல்லை. எனக்குத் தெரியும்.

அந்த ஒன்பது நாளில் ஐந்து பயணம். அதில் நான்கில் நானும் ஏறினேன். அதிர்வு பார்க்க வேண்டும், சத்தம் கேட்க வேண்டும் என்று ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். கேப்டன் வலது இருக்கை, நான் இடது இருக்கை. திரும்பும்போதெல்லாம், இறங்கும்போதெல்லாம், "இடது தெளிவு, இடது தெளிவு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். "உனக்கு யாருடா சம்பளம் கொடுக்கிறது, இவ்வளவு வேலை பார்க்கிற?" என்று சிரித்தார். ஒரே ஒரு பயணத்தில் மட்டும் நோயாளி, டாக்டர், ஸ்ட்ரெச்சர் என்று இடமில்லாமல் போய்விட்டது. திரும்பி வருகிற வரைக்கும் நாற்பது நிமிடம் ஹேங்கர் வாசலில் நின்றேன். அந்த நாற்பது நிமிடம் இன்னும் முடியவில்லை.

ஜனவரி 9. உனக்கு நினைவிருக்கும். முன் இடது இருக்கையில் பாப்பாவை உட்கார வைக்க வேண்டும் என்று நீ கேட்டாய். நான் விடவில்லை. "அது எனக்கு" என்றேன். உனக்குக் கோபம் வந்தது. "நீங்க தினமும் பாக்கறதுதானே அண்ணா, குழந்தை உட்காரக் கூடாதா?" என்றாய். நான் காது கேட்காதது போல ஏறி உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம். நீ ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாய். பாப்பா பாட்டுப் பாடியது. நான் இமைக்கவில்லை.

என் கண்ணை அவருக்கு இரவல் கொடுத்துவிட்டதாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உங்களைக் கீழே இறக்கிவிடுவதுதான் சரி. அது தெரிந்தே ஏற்றினேன்.

ஜனவரி 12. மூன்றாவது. அன்று இரவு கடிதம் எழுதினேன். மறுநாள் கொடுத்தேன். மாலையில் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தேதியும் இடமும் கேட்டுக்கொண்டு, "நாலாம் தேதியா?" என்றார். "ஆமாம்" என்றேன். "ஒன்பதாம் தேதி நீ ஏன் முன்னால உட்கார்ந்தேன்னு இப்பதான்டா புரியுது" என்றார். அப்புறம், "நாலாம் தேதியே போயிருக்கணும் நீ" என்றார். கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில், "டீ என்னோடது, வா" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போனார்.

நீ என்னைக் கேட்டில் நிறுத்தியபோது, உனக்கு ஒன்பது நாள் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதனால்தான் வாய் திறக்கவில்லை. நீ கோபப்பட்டது நான் சொன்னதற்காக என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. நான் தூங்காமல் கிடப்பது சொல்லாததற்காக.

அதன் பிறகு இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தேன். இங்கே கிடங்கில் உதிரிப் பாகங்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். "பறக்கத் தகுதி" என்று கையெழுத்துப் போட என் கை வரவில்லை.

எழுத வேண்டும் என்றால் எழுது. என்னையும் சேர்த்து எழுது. உரிமம் போனால் போகட்டும். கேப்டனைப் பற்றி ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். சுற்று முடிந்ததும் ஏறுவதற்கு முன் கதவில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துக்கொள்வார். கும்பிடுவதுமில்லை, தட்டுவதுமில்லை. "என்ன கேப்டன் அது?" என்று கேட்டேன் ஒரு நாள். "பெரியவளுக்கு நெத்தி, இவளுக்கு கதவு" என்றார்.

ஸ்பேனர்.

*

அக்டோபர் 29

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உங்கள் மேல் கொதித்துக்கொண்டு இருந்தேன். குறைத்துச் சொல்லப் போவதில்லை. சின்னவனைக் குளிப்பாட்டும்போது, அவன் தண்ணீரைத் தட்டிச் சிரிக்கும்போது, ஒன்பதாம் தேதி ஒன்பதாம் தேதி என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த ஒரு கிலோ, இப்போது பதினோரு கிலோ. "பரவாயில்லை அண்ணா" என்று இந்தக் கடிதத்தில் ஓர் இடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். பரவாயில்லை இல்லை. அவர் சொன்னதையேதான் நானும் சொல்வேன்: நீங்கள் நாலாம் தேதியே போயிருக்க வேண்டும்.

இப்போது என் முறை. நான் மறைத்த ஒன்றையும் கேளுங்கள்.

செப்டம்பரில் நீங்கள் கேட்டுக்கு வந்த அன்று அவர் தூங்கவில்லை. முன்னறையில் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு இடப்பக்கம் முழுக்கவே தெரியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கும். நான் உங்களை அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். "ஸ்பேனர் வண்டிச் சத்தம் மாதிரி இருந்துச்சே?" என்று கேட்டார். "இல்லைங்க, பால்காரர் வண்டி" என்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு எந்தப் பால்காரர் வருவார்?

அவருக்குத் தெரிகிற பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி. பால்காரரை சைலன்சர் மாத்தச் சொல்லு" என்றார்.

அதன் பிறகு இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, "ஸ்பேனர்க்கு வேலை ஜாஸ்தியோ?" என்று கேட்டார். "இருக்கும்" என்றேன். அவ்வளவுதான். எத்தனை இயந்திரத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தவர், உங்கள் ஓட்டை வண்டியையா கண்டுபிடிக்க மாட்டார்? தெரிந்தேதான் விட்டுவிட்டார். என்னைப் பொய்க்காரி என்று சொல்ல மனசில்லை. நீங்கள் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டீர்கள், நான் இரண்டு மாதம். உங்கள் ஒன்பது நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் இரண்டு மாதத்தில் அவர் உங்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

பதின்மூன்று மாதம் தாமதமாக அவருடைய செய்தியைச் சேர்க்கிறேன்: சைலன்சரை மாற்றுங்கள்.

இரண்டு பக்கங்களை எழுதி முடித்துவிட்டேன். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமை விமானி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார். "இந்த டேப் விஷயம் வேணுமாம்மா? மத்தவங்க வேற மாதிரி நினைச்சுட்டா?" என்றார். "நினைக்கட்டும் சார். இது இல்லைன்னா நான் வரலை, படத்தையும் மாட்ட வேணாம்" என்றேன். அவர் பக்கங்களை மேசை மேல் வைத்துவிட்டு, "அப்படியே வாசிங்க" என்றார். போகும்போது வாசல் வரை வந்து, "இங்க இனிமே எல்லா விமானிக்கும் ஒருத்தர் டேப் ஒட்டணும்னு சொல்லலாமான்னு பார்க்கிறேன்" என்றார். பார்க்கட்டும்.

எழுதியது இதுதான். வீட்டுக்கு வருகிறவர்களை எடை போட்டது, ஹெட்போனுக்கு இடம் விட்டுத் தலை பின்னியது, "கிளம்புறேன்", "இறங்கிட்டேன்." கடலிலிருந்து தூக்கியவர்கள், மலையிலிருந்து கொண்டுவந்த பிரசவக்காரி. அறுபத்தோரு டேப்புகள், டேப் ஒட்டியவர், மூன்று வெற்றுக் கட்டங்கள். தன் கையாலேயே "பார்க்கவில்லை" என்று எழுதியது. நோட்டையே படத்தின் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கடைசிப் பக்கம் திறந்தபடி. கதவில் உள்ளங்கை வைத்ததைக் கடைசி வரியாக வைத்தேன். அந்த வரியை வாசிக்க முடியுமா என்று தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று நாலு தடவை வாசித்துப் பார்த்தேன், நாலு தடவையும் முடியவில்லை. அன்று முடியும். முடித்தே தீருவேன்.

ஒன்பது நாளை நான் எழுதவில்லை. கட்டங்களின் தேதி நோட்டில் இருக்கிறது, கடிதத்தின் தேதி அலுவலகத்தில் இருக்கிறது. யாராவது கேட்டால் மறைக்கவும் மாட்டேன். ஆனால் அதை என் வாயால் சொல்வது சரியில்லை. நீங்கள் வந்து, அவர் படத்துக்கு முன்னால் எழுந்து நின்று, தலைமை விமானியிடமும் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் கை கையெழுத்துப் போடுமா போடாதா என்று பாருங்கள். கிடங்கில் சீட்டு ஒட்டிக்கொண்டே ஆயுளைக் கழிக்க உங்களை அவர் பன்னிரண்டு வருடம் கூட வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இது எனக்காகக் கேட்பது.

நான் ஏன் கேஸ் குமிழை ஏழு தடவை பார்க்கிறேன் என்று இந்த மாதம்தான் புரிந்தது. என் அண்ணி டாக்டரைப் பார்க்கச் சொல்கிறாள். பார்க்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எப்படி நிம்மதியாகத் தூங்கினார்? எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் இல்லை. பார்க்காமல் விட்டால் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தார். எனக்கு அப்படி ஒருவரும் இல்லை, அண்ணா. அதனால் நானே விமானி, நானே ஸ்பேனர் என்று ராத்திரி முழுக்கச் சுற்றி வருகிறேன். ஜனவரியில் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகப் போகிறேன். சின்னவனைக் காப்பகத்தில் விட வேண்டும். ஏழு தடவை சுற்றுகிறவளால் நேரத்துக்கு வேலைக்குப் போக முடியாது.

ஆகவே பதினைந்தாம் தேதி மாலையே வந்துவிடுங்கள். கேட் திறந்திருக்கும். முன்னறையில் படுக்கை போட்டு வைக்கிறேன். ஒரு சிவப்பு டேப் கொண்டுவாருங்கள். நானும் பெரியவளும் வாசலில் இருக்கும்போது, எங்கள் கண்ணில் படாமல், கேஸ் குமிழிலோ பின்கதவிலோ ஜன்னல் கொக்கியிலோ ஓர் இடத்தில் ஒட்டிவிடுங்கள். இரவு நாங்கள் இருவரும் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவோம். கண்டுபிடித்தால் டீ உங்களுடையது. கண்டுபிடிக்கவில்லை என்றால், அண்ணா, அன்றைக்கே சொல்லுங்கள். ஒன்பது நாள் வேண்டாம்.

பெரியவளிடம் சொல்லிவிட்டேன். "ஸ்பேனர் மாமா நிஜமாவே வருவாரா?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள். வருகிறீர்களா என்பதைச் சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கச்சி.